ஃபிஜிக்கு ஒரு சுற்று கொடுங்கள்: உலக ரக்பி அமைப்புக்கு ஒரு திறந்த மடல்

உலக ரக்பி அமைப்பின் தலைவருக்கும் செவன்ஸ் தொடரை நடத்தும் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும்,

வணக்கம். சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். டப்ளினில் இருக்கும் உங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்க ஆள் இருக்காது என்று தெரியும், பரவாயில்லை. பாதி மடல் உங்களுக்கு, மீதிப் பாதி நம்மவர்களுக்கு. கிரிக்கெட்டையும் கால்பந்தையும் விட்டால் வேறு ஆட்டமே கிடையாது என்று இருப்பவர்கள் இந்தச் சாக்கிலாவது ஒரு நல்ல அணியைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டுமே.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். நீங்கள் வருடாவருடம் ஊர் ஊராக நடத்தும் உலக செவன்ஸ் தொடரில் ஒரு சுற்றை ஃபிஜியில் நடத்துங்கள். அந்த நாட்டில் அது ஒரே ஒருமுறைதான் நடந்திருக்கிறது, 2000 பிப்ரவரியில், தொடர் ஆரம்பித்த முதல் சீசனில், தலைநகர் சுவாவில். அதே வருடம் மே மாதம் அங்கே ஆட்சிக்கவிழ்ப்பு, நாடாளுமன்றத்தில் பணயக்கைதிகள், ஊரே கலவரம். அந்த நேரத்தில் யாரும் அங்கே போக மாட்டார்கள், புரிகிறது. ஆனால் அதற்கப்புறம் கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. இந்த இடைவெளியில் ஃபிஜி இரண்டு ஒலிம்பிக் தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு உலகக் கோப்பை, நான்கு உலகத் தொடர் பட்டம் எல்லாம் வாங்கிவிட்டது, சொந்த ஊரில் மட்டும் ஒரு சுற்று ஆடவில்லை.

நம்மவர்களுக்காக இரண்டு வரி. ரக்பியில் பதினைந்து பேர் ஆடும் ஆட்டம் ஒன்று, ஏழு பேர் ஆடும் ஆட்டம் இன்னொன்று, அதுதான் செவன்ஸ். மைதானம் இரண்டுக்கும் ஒரே அளவுதான், நீளம் கிட்டத்தட்ட நூறு மீட்டர். ஏழு பேர் ஆடும்போது பாதிக்கு ஏழு நிமிடம், மொத்தம் பதினான்கு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். ஆள் குறைவு, இடம் தாராளம், அதனால் ஒருவன் ஒரு டேக்கிளை, அதாவது ஓடிவருபவனைப் பிடித்துக் கீழே சாய்ப்பதை, தவறவிட்டால் எதிராளி கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்துவிடுவான், அதுதான் ட்ரை, ஐந்து புள்ளி. 1883-ல் ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சின்ன ஊரில், கிளப்புக்குப் பணம் திரட்ட ஒரு கசாப்புக் கடைக்காரர் சொன்ன யோசனையில் பிறந்த ஆட்டம் இது. அங்கே பிறந்தது சரி, வளர்ந்தது பசிபிக் கடலில் என்பேன். ஸ்காட்லாந்துக்காரர்கள் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

ஃபிஜியின் மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்பது லட்சம், அதாவது நம் ஊரில் ஒரு நடுத்தர நகரம். 1880-களில் 'பா' என்ற ஊரில் காவல் படையினர் ஆட ஆரம்பித்ததாகச் சொல்கிறார்கள். 1950-களில் மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு சண்டை நடந்தபோது ஃபிஜி ராணுவத்தின் ஒரு பட்டாலியன் இங்கே வந்து இருந்தது, வந்த இடத்தில் ரக்பியும் ஆடியது. ஆக, எங்கள் பக்கத்து மைதானங்களுக்கு அவர்கள் புதியவர்கள் இல்லை.

உங்கள் செவன்ஸ் உலகத்தின் தலைநகரம் ஹாங்காங் என்று எல்லோரும் ஒத்துக்கொள்வோம். அந்தப் போட்டி 1976-ல் தொடங்கியது, அடுத்த வருடமே ஃபிஜி கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. 1978-ல் திரும்ப வந்து திரும்பத் தூக்கியது. 1990, 91, 92 தொடர்ந்து மூன்று. 2015-லிருந்து 2019 வரை தொடர்ந்து ஐந்து. அங்கே நடந்த இரண்டு உலகக் கோப்பைகளையும் சேர்த்தால் 2019 வரை மொத்தம் 19 பட்டம். ஹாங்காங் கூட்டத்தைத் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பீர்கள், ஃபிஜிக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆட்கள், முதல்நாள் வேறு எந்த நாட்டுக்கோ சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள், கடைசி நாள் மாலையில் வெள்ளைச் சட்டை அணியைப் பார்த்து 'ஃபிஜி, ஃபிஜி' என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். சிங்கப்பூரிலும் இதே கதைதான். 2016-ல் இங்கே நடந்த இறுதி ஆட்டத்தில் கென்யா 30-7 என்று ஃபிஜியைப் புரட்டிப்போட்டது, கென்யாவுக்கு அதுதான் தொடரில் முதல் பட்டம். அன்றைக்குக் கென்யாவுக்காகக் குதித்தவர்களில் பாதிப்பேர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஃபிஜிக்காகக் குதித்தவர்கள்தான். அதைத் தப்பென்று சொல்லவில்லை, செவன்ஸ் ரசிகன் அப்படித்தான், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

அப்புறம் வைசாலே செரேவி. அவரைச் சொல்லாமல் இந்த மடல் எழுதினால் ஃபிஜிக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆள் உயரமும் இல்லை, பருமனும் இல்லை. பந்தை ஒற்றைக் கையில் ஏந்தியபடி, ஓடுகிறாரா நடக்கிறாரா என்றே தெரியாத ஒரு சாவகாசத்தில் வருவார். எதிரே இரண்டு பேர் நின்றால் இரண்டு பேரும் அவர் கண்ணைப் பார்ப்பார்கள், கண் வலப்பக்கம் போகும், பந்து இடப்பக்கம் போயிருக்கும். 1997-ல் ஹாங்காங்கில் உலகக் கோப்பை, இறுதியில் தென்னாப்பிரிக்காவை 24-21 என்று மூன்றே புள்ளியில் வென்றார்கள். எட்டு வருடம் கழித்து, 2005-ல், அதே ஹாங்காங்கில், அதே செரேவி, வயது முப்பத்தாறு, மறுபடி அணித் தலைவர். அரையிறுதியில் இங்கிலாந்தோடு கூடுதல் நேரம்வரை போய் மூச்சுத் திணறி ஜெயித்து, இறுதியில் நியூசிலாந்தை 29-19 என்று அடித்தார்கள். அடுத்த சீசனில் அவர் பயிற்சியாளராகவும் இருந்துகொண்டு உலகத் தொடரையும் வாங்கிக் கொடுத்தார். தொடர் தொடங்கியதிலிருந்து ஆறு வருடமும் பட்டத்தை நியூசிலாந்தே வைத்திருந்தது, அந்தச் சங்கிலியை அறுத்தது ஃபிஜி. 2013-ல் செரேவியை உங்கள் புகழ் மண்டபத்தில் சேர்த்தீர்கள். நல்லது. ஆனால் அவர் ஆடிப் பார்த்த மைதானங்களின் பட்டியலை எடுத்தால் உலகத் தொடரில் சொந்த மண் ஒரே ஒரு இடத்தில்தான் வரும்.

இனி ரியோவுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அதில் நேரடிக் கடன் இருக்கிறது. 2009 அக்டோபரில் கோபன்ஹேகனில் ஒலிம்பிக் கமிட்டி வாக்களித்து செவன்ஸை உள்ளே விட்டது. சின்ன நாடுகளுக்கும் பதக்கம் கிடைக்கக்கூடிய ஆட்டம் இது என்று நீங்கள் பேசிக்கொண்டிருந்தது நினைவிருக்கும். அந்தப் பேச்சை மெய்யாக்கியது யார்? 2016 ஆகஸ்ட் 11, ரியோவின் டியோடோரோ மைதானம், இறுதியில் எதிரே கிரேட் பிரிட்டன், அதாவது ஒரு காலத்தில் ஃபிஜியை ஆண்ட நாடு. அணித் தலைவர் ஒசேயா கோலினிசாவ் முதல் ட்ரை போட்டார், அடுத்தது ஜெரி துவாய், அப்படியே போய்ப் பாதி ஆட்டத்தில் 29-0. முடிவில் 43-7. ஏழு ட்ரை. லியோனே நகராவா என்றொரு நெட்டை மனிதர், அவர் கீழே விழுந்துகொண்டே, மேலே இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருக்க, கையை மட்டும் எங்கிருந்தோ நீட்டிப் பந்தை விடுவார், அந்த இடத்தில் சரியாக ஒருவன் ஓடிவந்துகொண்டிருப்பான். ஆஃப்லோடு என்று பெயர். உங்கள் பயிற்சிக் கையேடுகளில் இதை ஆபத்தான பாஸ் என்பார்கள், ஃபிஜியில் சின்னப் பையன்கள் அதைத்தான் முதலில் கற்கிறார்கள்.

பரிசளிப்பை யாராவது மறந்திருப்பார்களா என்ன. பதக்கம் அணிவித்தது பிரிட்டிஷ் இளவரசி ஆன். ஒவ்வொரு வீரரும் அவர் முன்னால் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் குவித்து, டொப்பென்று சத்தம் வருகிற மாதிரி தட்டினார்கள். அந்த ஊர் மரியாதை அது, பெரியவர் கையால் ஒன்றை வாங்கும்போது செய்வது. அதைப் பார்த்துவிட்டு, காலனி ஆட்சி முடிந்தும் குனிகிறார்களே என்று சில பேர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 43-7 என்று அடித்துவிட்டு வந்து காட்டுகிற பணிவில் யாருக்கு என்ன குறை?

அது ஃபிஜி வாங்கிய முதல் தங்கம் என்பதைவிட, எந்த நிறத்திலும் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கமே அதுதான் என்று சொல்வது பொருத்தம். ஊரில் பொதுவிடுமுறை விட்டார்கள். அப்போதைய பிரதமர் பைனிமாராமா, மூலையில் யூனியன் ஜாக் இருக்கும் வெளிர்நீலக் கொடியை மாற்றியே தீருவது என்று முந்தின வருடத்திலிருந்து முனைப்பாக இருந்தவர், ரியோவில் ஜனங்கள் அந்தக் கொடியைத் தூக்கி ஆடியதைப் பார்த்துவிட்டு அந்த யோசனையைக் கைவிட்டார். அடுத்த வருடம் மத்திய வங்கி ஏழு டாலர் நோட்டு ஒன்று வெளியிட்டது. ஆமாம், ஏழு டாலர் நோட்டு, செல்லுபடியாகும் நோட்டு, அணி படம் போட்டது. ஒரு விளையாட்டு ஜெயித்ததற்காக ரூபாய் நோட்டின் கணக்கையே மாற்றிய இன்னொரு நாடு இருந்தால் சொல்லுங்கள்.

இவ்வளவும் எந்த வசதியில் நடந்தது என்பதையும் நீங்கள் அறிவீர்கள். பென் ரயன் என்ற இங்கிலாந்துக்காரர் 2013-ல் பயிற்சியாளராகப் போனபோது ஃபிஜி ரக்பி யூனியனிடம் காசு கிடையாது, ஆரம்ப மாதங்களில் அவருக்குச் சம்பளமே வரவில்லை. சிங்கடோகா மணல்மேடுகளில் ஓடவிட்டுத்தான் உடம்பைத் தேற்றினார்கள். கடலோரத்தில் செங்குத்தாக எழும்பி நிற்கும் மேடுகள் அவை, ஏறும்போது ஒரு அடி வைத்தால் அரை அடி சறுக்கும், அந்த வெயிலில் மேலே ஏறி முடித்தவன் முழங்காலில் கை ஊன்றி வாந்தி எடுப்பான், பின்னால் ஏறி வருகிறவன் அவனைப் பார்த்துச் சிரிப்பான், அடுத்த நிமிடம் அவனும் எடுப்பான். நவீன ஜிம் வைத்திருக்கும் நாடுகள் இப்போது அங்கே போய்ப் பார்க்கின்றன. ரியோ வருடத்து பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் வேறு வந்து 44 பேரைக் கொன்று கிராமம் கிராமமாகக் கூரையைப் பிய்த்தெறிந்திருந்தது. தங்கம் வந்தபோது கூடாரத்தில் குடியிருந்தவர்கள் பலர். ரயனுக்கு மூன்று ஏக்கர் நிலமும் ஒரு ஃபிஜியப் பட்டப்பெயரும் கொடுத்தார்கள், அது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு.

ஜெரி துவாய் கதையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சுவாவுக்குப் பக்கத்தில் நசினுவில் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். பந்து வாங்கக் காசில்லாமல் பிளாஸ்டிக் பாட்டிலை வைத்துக்கொண்டு சாலைச் சந்திப்பின் ரவுண்டானாப் புல்லில் ஆடிப் பழகியவர். அம்மா எப்படியோ ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடுத்தார். 2019-ல் உலகின் சிறந்த செவன்ஸ் வீரர் விருது நீங்களே கொடுத்தீர்கள். ரியோ அணியிலிருந்து டோக்கியோ அணிக்கும் வந்தவர் அவர் ஒருவர்தான், டோக்கியோவில் அணித் தலைவரும் அவரே. கொரோனா காலம், வீரர்கள் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் வெளிநாட்டு முகாமில் இருந்தார்கள், ஃபிஜியின் ஒலிம்பிக் குழுவோ உறைந்த மீன் ஏற்றும் சரக்கு விமானத்தில் டோக்கியோ போய் இறங்கியது. காலி மைதானத்தில் நியூசிலாந்தை 27-12 என்று வென்று இரண்டாவது தங்கம். வளையமாக நின்று தோளில் தோள் போட்டுத் தேவகீதம் பாடினார்கள், பாதியில் பலருக்குக் குரல் வரவில்லை, அழுதார்கள். அதே வாரம் பெண்கள் அணி, ஃபிஜியானா என்று செல்லப்பெயர், நடப்புச் சாம்பியன் ஆஸ்திரேலியாவைக் காலிறுதியில் 14-12 என்று வெளியேற்றி, வெண்கலமும் வாங்கியது. ஃபிஜியில் அப்போது டெல்டா அலை, இரவு ஊரடங்கு, தெருவில் இறங்கிக் கொண்டாட முடியாது.

2022 கேப்டவுன் உலகக் கோப்பையிலும் நியூசிலாந்தை 29-12 என்று வென்றதை எண்ணினால், அந்த ஒரு சமயத்தில் உலகக் கோப்பையும் ஒலிம்பிக் தங்கமும் சேர்ந்தே ஃபிஜி கையில் இருந்தன. 2024 பாரிஸில்தான் ஒலிம்பிக்கில் முதல் தோல்வி. அதுவரை 17 ஆட்டம் தோற்கவே இல்லை. இறுதியில் முதல் பாதி 7-7, இரண்டாம் பாதியில் பிரான்ஸ் தன் நட்சத்திர வீரர் டுபோனை இறக்கியது, அப்புறம் 28-7. சொந்த நாட்டுக் கூட்டம், ஏறத்தாழ எழுபதாயிரம் பேர், கூரை அதிர்கிற சத்தம். பயிற்சியாளர் பெஞ்சில் அதே கோலினிசாவ்.

அந்தச் சத்தத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச விரும்புகிறேன். சொந்த ஊர்க் கூட்டம் என்ன செய்யும் என்று பிரான்ஸுக்குத் தெரியும், தென்னாப்பிரிக்காவுக்குக் கேப்டவுனில் தெரியும், ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா, ஸ்பெயின் எல்லோருக்கும் அவரவர் முறை வந்திருக்கிறது. துபாய், ஹாங்காங், சிங்கப்பூர் மூன்றும் உங்கள் தொடரின் தூண்கள், ஆனால் மூன்று ஊர்க்காரர்களுக்கும் உச்ச வரிசையில் நிரந்தரமாக ஆடுகிற சொந்த அணி கிடையாது. என் ஊரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அணி இல்லாத ஊருக்குச் சுற்று உண்டு, ஊரே அணியாக இருக்கும் நாட்டுக்குச் சுற்று இல்லை. விளம்பரத்துக்கு மட்டும் ஃபிஜி வேண்டும், ஒவ்வொரு சீசனும் உங்கள் வீடியோத் துண்டுகளில் வெள்ளைச் சட்டைக்காரன்தான் பறக்கிறான்.

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். மைதானம் சின்னது. ஆமாம், சுவா தேசிய மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்கார முடியாது. ஆனால் உங்கள் ஐம்பதாயிரம் இருக்கை மைதானங்கள் முதல்நாள் காலையில் எப்படி இருக்கும் என்று எங்களுக்கும் தெரியும், கேமரா எந்தப் பக்கம் திரும்பாது என்பதும் தெரியும். பதினைந்தாயிரம் பேர் காலை எட்டு மணிக்கே வந்து, மரத்திலும் ஏறி நின்று பார்க்கிற மைதானம் தொலைக்காட்சியில் எப்படித் தெரியும் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

போய்வரச் சிரமம். நாண்டியில் சர்வதேச விமான நிலையம் இருக்கிறது, பக்கத்திலேயே தெனராவில் வரிசையாக ஐந்து நட்சத்திர விடுதிகள், வருடம் முழுக்க ஆஸ்திரேலியர்களும் நியூசிலாந்துக்காரர்களும் அங்கே வெயில் காய்கிறார்கள். சிங்கப்பூர், ஹாங்காங், லாஸ் ஏஞ்சலஸ், வான்கூவர் எல்லாவற்றுக்கும் அங்கிருந்து நேரடி விமானம். ஆசியச் சுற்றை முடித்து வட அமெரிக்காவுக்குப் பறக்கிற அணிகளுக்கு அது வழியில் இருக்கும் ஊர், வேண்டுமென்றே சுற்றிப் போகத் தேவையில்லை.

பெரிய போட்டி நடத்திய அனுபவம் இல்லை. இது பழைய பதில். 2022-லிருந்து ஃபிஜியன் ட்ருவா என்ற பதினைந்து பேர் அணி, ஆஸ்திரேலிய, நியூசிலாந்து அணிகள் மோதும் சூப்பர் ரக்பி போட்டியில் ஆடுகிறது, சுவாவிலும் லௌடோகாவிலும் சொந்த ஆட்டங்கள். 2023 மார்ச்சில் லௌடோகாவில் நடந்ததைப் பார்த்தீர்களா? வந்தது நியூசிலாந்தின் க்ரூஸேடர்ஸ், அந்தப் போட்டியின் நடப்புச் சாம்பியன், வருடாவருடம் கோப்பை வாங்கும் அணி. நேரம் முடிந்து சைரன் ஊதியபிறகு கிடைத்த பெனால்டியை உதைத்து 25-24 என்று ட்ருவா ஜெயித்தது. கரும்பு ஆலை ஊரில், எளிய மைதானத்தில், அந்த வெக்கையில், க்ரூஸேடர்ஸ் வந்து ஆடி, தோற்று, உயிரோடு திரும்பிப் போனார்கள். எட்டு செவன்ஸ் அணிகளால் முடியாதா? ஓசியானியா செவன்ஸ் சுவாவில் பலமுறை நடந்தது. உள்ளூர்ப் போட்டியான மாரிஸ்ட் செவன்ஸ் 1977-லிருந்து நடக்கிறது, உலகத் தொடர் பிறப்பதற்கு இருபது வருடத்துக்கும் மேல் முன்பிருந்து.

புயல் காலம். இதுதான் நியாயமான தடை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பக்கம் புயல் பயம் உண்டு, உங்கள் தொடரும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான் ஓடுகிறது. ஆனால் ட்ருவா பிப்ரவரியிலேயே ஆட ஆரம்பித்துவிடுகிறது. அதுவும் பயமென்றால் மே மாதத்தில் வையுங்கள், காற்று குளிர்ந்து, மழை விட்டிருக்கும்.

காசு. சரி, கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கும். ஸ்பான்சர் பெட்டிகள் விற்காது, கார்ப்பரேட் விருந்து நடக்காது, துபாய் போல அரசாங்கம் அள்ளிக் கொடுக்காது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செவன்ஸில் உங்கள் காசுக் கணக்கு இதுவரை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது? நிரந்தர அணிகள் பதினாறாக இருந்தன, பன்னிரண்டாக்கினீர்கள், பிறகு உச்ச வரிசையை எட்டாக்கினீர்கள். சுற்றுகளைக் குறைத்தீர்கள். பெயரை எஸ்விஎன்எஸ் என்று உயிரெழுத்தே இல்லாமல் மாற்றினீர்கள். வருடம் முழுக்கப் புள்ளி சேர்த்த அணிக்குப் பட்டம் என்பதை மாற்றிக் கடைசி வாரத்தில் யார் ஜெயிக்கிறாரோ அவருக்கு என்று ஆக்கிப் பார்த்தீர்கள். பழைய முறையிலேயே ஃபிஜிக்கு வலித்திருக்கிறது, 2017-18 சீசனில் ஐந்து சுற்று வென்றும் கடைசி ஊரான பாரிஸில் காலிறுதியில் சறுக்கி, இரண்டே புள்ளியில் தென்னாப்பிரிக்காவிடம் பட்டத்தை விட்டார்கள். அதற்காக யாரும் விதியை மாற்றச் சொல்லவில்லை. அடுத்த சீசனில் மறுபடி ஐந்து சுற்று வென்று பட்டத்தை எடுத்துக்கொண்டார்கள்.

ஃபிஜி யூனியனுக்கும் வக்காலத்து வாங்கவில்லை. அங்கே நிர்வாகம் பல வருடம் சந்தி சிரித்தது, 2023-ல் நிர்வாகக் குழுவையே கலைக்கும்படி ஆயிற்று, நீங்களும் உறுப்புரிமையை நிறுத்திவைத்தீர்கள். பெண்கள் அணியை டோக்கியோவுக்குப் பிறகு எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால், பாரிஸில் கடைசி இடம் என்பதுதான் பதில். ஆண்கள் அணிக்கும் ஆறாத காயம் ஒன்று இருக்கிறது, காமன்வெல்த் போட்டித் தங்கம் இன்றுவரை கிடையாது. 1998 கோலாலம்பூர், 2002 மான்செஸ்டர், 2018 கோல்ட் கோஸ்ட் மூன்று இறுதியிலும் நியூசிலாந்திடம், 2022 பர்மிங்ஹாமில் தென்னாப்பிரிக்காவிடம். ஒலிம்பிக்கில் புலி, காமன்வெல்த்தில் என்ன வந்துவிடுகிறதோ. இதில் உங்கள் பங்கு எதுவுமில்லை, அவர்கள் பாடு.

ஆனால் வீரர்கள் ஏன் தங்குவதில்லை என்பதில் உங்கள் பங்கு இருக்கிறது. ரியோ அணியின் நகராவாவும் துயிசோவாவும் அதற்கு முன்பே ஐரோப்பிய கிளப்புகளில் ஆடியவர்கள், தங்கத்தின் மினுமினுப்பு மங்குமுன் மாத்தாவும் அந்தப் பக்கம் போனார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு கிராமமே அந்தச் சம்பளத்தில் வாழும். செவன்ஸில் அவனுக்குக் கிடைப்பது என்ன? ஊர் ஊராகப் பறப்பதும் கொஞ்சம் படியும். சொந்த நாட்டில் வருடத்துக்கு ஒரு சுற்று நடந்தால் டிக்கெட், உள்ளூர் ஸ்பான்சர், விடுதி என்று யூனியனுக்கு ஒரு வருமானம் நிற்கும், அதில் பத்துப் பேருக்காவது நல்ல ஒப்பந்தம் கொடுக்கலாம். எல்லோரையும் தக்கவைக்க முடியாது, பத்துப் பேர் போதும். 1987-லேயே உறுப்பினரான நாட்டுக்கு உங்கள் கவுன்சிலில் இடம் தரவே முப்பது வருடம் எடுத்துக்கொண்டீர்கள், இதற்கும் அவ்வளவு எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இடையில் நம்மவர்களுக்கு ஒரு விஷயம். 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு போகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்கென்று சங்கம் 1926-லிருந்து இருக்கிறது, பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது. நாண்டி கடைத்தெருவின் கடைசியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோயில், வண்ணக் கோபுரத்தோடு நிற்கிறது. ரக்பி பூர்வகுடியினருக்கு, கால்பந்து இந்திய வம்சாவளிக்கு என்று அங்கே வெகுகாலமாக ஒரு பாகப்பிரிவினை, ஆட்சிக்கவிழ்ப்புகள் அந்தக் கோட்டை இன்னும் ஆழமாகக் கீறின. ரியோ அணி திரும்பி வந்து அதே நாண்டியில் பிரின்ஸ் சார்லஸ் பூங்காவில் நின்றபோது வரவேற்கத் திரண்ட கூட்டத்தில் இரண்டு தரப்பும் இருந்தது. ஒரே தங்கத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்று கதைவிட மாட்டேன், ஆனால் செவன்ஸ் என்றால் அங்கே கடை மூடும், யார் கடையாக இருந்தாலும்.

ஆகவே பொறுப்பாளர்களே, கோரிக்கை இதுதான். அடுத்து நீங்கள் சுற்றுகளுக்கு ஊர் தேடும்போது ஃபிஜியைப் பட்டியலில் வையுங்கள், மூன்று வருடத்துக்கு, ஒரு வருடம் வைத்துப் பார்த்துவிட்டு நட்டம் என்று எடுத்துக்கொண்டு ஓடாமல். முதல் வருடம் சுவா, அடுத்தது லௌடோகா, அங்கிருப்பவர்கள் பேசி முடிவு செய்யட்டும். நடத்தும் உரிமைக்கு மற்ற நகரங்களிடம் வாங்கும் கட்டணத்தை இவர்களிடம் வாங்காதீர்கள், இத்தனை வருடம் உங்களுக்குக் கூட்டம் சேர்த்துக் கொடுத்ததில் கழித்துக்கொள்ளுங்கள். பெண்கள் சுற்றையும் அதே வாரத்தில், அதே மைதானத்தில், காலை ஒன்பது மணிக்குக் காலி இருக்கைகள் முன்னால் தள்ளாமல் சரியான நேரத்தில் வையுங்கள். உள்ளூர்க்காரர்களுக்கான டிக்கெட்டை ஒரு கரும்புத் தோட்டக்காரரின் குடும்பம் நாலு பேராக வந்து பார்க்கிற விலையில் வையுங்கள், வெளிநாட்டுக்காரர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி அறிவித்தால் என் டிக்கெட்டுக்கு முழு விலை தருகிறேன், சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து ஒரு செவன்ஸ் ரசிகன்